தொப்புள்கொடியும் அம்மம்மாவும்

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் குடும்பநல உத்தியோகத்தராகப் பணியாற்றும் எனக்கு, பிரசவம் முடிந்து வீடு திரும்பிய தாய்மாரை முதற் பத்து நாள்களுக்குள் பார்க்கச் செல்லும்போது, தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசவேண்டியிருப்பது குழந்தையின் தொப்புள்கொடியைப் பற்றித்தான். அதற்கு எதுவும் பூசத் தேவையில்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். குழந்தையின் அம்மம்மா அதை ஏற்றுக்கொள்ளத்தான் நேரமெடுக்கும்.

"பிள்ளை, புண்ணை இப்பிடியே விடுறதோ?" என்று கேட்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் மஞ்சளோ நல்லெண்ணெயோ பவுடரோ இருக்கும். அவர் அஞ்சுவதில் நியாயமுண்டு. வீட்டுப் பிரசவக் காலத்தில், வெட்டிய கொடியின் வழியே ஏற்புவலிக் (டெட்டனஸ்) கிருமி புகுந்து பச்சிளங் குழந்தைகள் இறந்ததுண்டு. இன்றோ கர்ப்பிணிகளுக்கு அதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. வைத்தியசாலையில் கிருமி நீக்கிய கருவியால் கொடியை வெட்டிக் கவ்வியும் போட்டுவிடுகிறார்கள். இரத்தவோட்டம் நின்ற கொடி கறுத்துச் சுருங்கி, பெரும்பாலும் 5 முதல் 15 நாள்களுக்குள் விழுந்துவிடும். அடியில் சேரும் வெண்குருதிக் கலங்களும் தீங்கற்ற நுண்ணுயிர்களுமே அதைக் கழலச் செய்வதால், கிருமி கொல்லும் ஸ்பிரிற்றைப் பூசினால் விழுவது தாமதிக்கும். ஒரு காலத்தில் ஸ்பிரிற் பூசும்படி சொன்னவர்களும் எங்கள் துறையினர்தாம் என்பதை அம்மம்மாமார் நினைவூட்டாமல் விடுவதில்லை.

ஆகவே, "ஒன்றும் செய்யாதீர்கள்" என்று சொல்வதை விட்டு, வேலையை அவரிடமே ஒப்படைக்கிறேன். சவர்க்காரமிட்டுக் கை கழுவுவது, பம்பர்ஸைக் கொடிக்குக் கீழே மடித்துவிடுவது, சிறுநீர் பட்டால் சுத்தமான நீரால் துடைத்து மென்துணியால் ஈரத்தை ஒற்றியெடுப்பது, காலையில் வெளிச்சத்தில் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. விழும் தறுவாயில் துணியில் ஓரிரு துளி இரத்தம் பட்டால் பதறவேண்டியதில்லை. ஆனால் கொடியைச் சுற்றி வயிற்றுத்தோல் சிவந்து பரவினாலோ, சீழோ துர்நாற்றமோ இருந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, என் வரவுக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அந்தத் தொற்று இரத்தத்தில் கலக்க அதிக நேரமெடுக்காது. மூன்று வாரம் கடந்தும் கொடி விழாவிட்டால் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

கொடி விழுந்தபின், அழும்போது புடைக்கும் தொப்புளில் காசு வைத்துக் கட்டலாமா என்ற கேள்வி வரும். அந்தப் புடைப்பு பெரும்பாலும் சில ஆண்டுகளில் தானாகவே மறையும். காசு கட்டினால் தோல் புண்ணாவதுதான் மிச்சம். ஆனால் அது முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்தபின் தொடங்கும் வேறொரு வாதம்.