தருமபுரியில் சமய தீட்சை பெற்ற அனுபவம்

சைவ மரபில் தீட்சை, அதாவது குரு மந்திரம் தந்து வழிபாட்டு உரிமை அளிக்கும் சடங்கு, சமய தீட்சை, விசேட தீட்சை, நிருவாண தீட்சை என்று மூன்று படிகளாக அமைந்துள்ளது. முதலாவது சரியைக்கும் (புறத்தொண்டு), இரண்டாவது கிரியை (பூசை), யோகம் (தியானம்) ஆகியவற்றிற்கும், மூன்றாவது ஞானத்திற்கும் உரிமை தருவது. நான் பெற்றது முதற்படி மட்டுமே. அதை எப்படிப் பெற்றேன் என்று எங்கள் மாவட்டத்துப் பெண்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால், விரிவாக எழுதிவைக்கிறேன்.

தருமபுரிப் பக்கத்தில் கோயில்களுக்குக் குறைவில்லை. கோட்டையில் மல்லிகார்சுனர் இருக்கிறார். அரூருக்கு அப்பால் அருணகிரிநாதர் பாடிய தீர்த்தமலை இருக்கிறது. ஆயினும் தீட்சை தரும் பழைய சைவ ஆதீனங்கள் (மடங்கள்) பலவும் காவிரிப் படுகையில் இருப்பதால், நாம் அங்கே போக வேண்டும், அல்லது தீட்சை தரும் குருவாகிய ஆசாரியர் இங்கே வரும்வரை காத்திருக்க வேண்டும். (தருமபுரம் ஆதீனம் நம் ஊரில்தானே இருக்கிறது என்று கேட்ட உறவினர்களுக்கு, அது மயிலாடுதுறையில் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டேன்.) நான் காத்திருந்தேன். வார இறுதியில் நடந்த சைவ சித்தாந்த வகுப்பில் படித்தவர்களுக்கென்று ஓர் ஆசாரியரை அழைத்துவர எங்கள் ஆசிரியர் ஏற்பாடு செய்திருந்தார்.

விண்ணப்பப் படிவத்தில் பெயர், வயது, குலதெய்வம் ஆகியவற்றிற்குக் கீழே, புலால் உண்பதில்லை என்று உறுதி கூறிக் கையொப்பமிடும் இடம் இருந்தது. பென்னாகரத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்ட எனக்கு அந்த ஒரு வரிதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் களியும் கறிக்குழம்பும்தான். குலதெய்வமான முனியப்பனுக்குக் கிடா வெட்டாமல் எந்த நல்ல காரியமும் தொடங்குவதில்லை. நான் உண்ணாமல் இருப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் மூத்த மருமகளாகிய நான் முனியப்பன் பூசையில் பொங்கல் வைக்காமல் விலகி நின்றால், அது குடும்பத்தையே விலக்கியதாகப் பார்க்கப்படும். மாமியார் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இறுதியில், பொங்கலை நான் வைப்பது, கறிப் பானையைக் கொழுந்தன் மனைவி பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. வீட்டில் கணவர் தமக்கு வேண்டியதைப் பின்கட்டு அடுப்பில் தாமே சமைத்துக்கொள்ளத் தொடங்கினார். இதை ஆசாரியரிடம் மறைக்காமல் சொன்னேன். உங்கள் நாவுக்கும் உங்கள் கைக்கும் நீங்கள் பொறுப்பு, மற்றவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றார்.

அடுத்து வந்ததுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றியது. தீட்சை நிர்பீசம், சபீசம் என்று இருவகைப்படும். நிர்பீசம் பெறுபவருக்கு அன்றாட அனுட்டானம் (திருநீறணிதல், செபம் முதலிய நாள்வழிபாடு) கட்டாயமில்லை. சபீசம் பெறுபவர் அதை விடாமல் செய்தாக வேண்டும். நிர்பீசத்திற்கு உரியவர்களாகப் பாலர், அறிவு முதிராதவர், முதியோர், போகத்தில் அழுந்தியோர், நோயாளர் ஆகியோரைச் சொல்லும் சிவஞான சித்தியார் என்ற சித்தாந்த நூல், அந்த வரிசையிலேயே பெண்களையும் வைக்கிறது. வகுப்பில் அந்தப் பாடலை முதன்முறை படித்தபோதே எனக்கு உறுத்தியது. விலக்கு அளிப்பது கருணையினால்தான் என்று உரை சொல்வார்கள். வீட்டு வேலைகளுக்கு நடுவே மூன்று வேளை அனுட்டானம் செய்ய முடியாத பெண்ணுக்கு அது உண்மையிலேயே கருணைதான். ஆனால் செய்ய முடிகிறவளையும், செய்ய விரும்புகிறவளையும் அதே பட்டியலில் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சமணத்திலிருந்து மீண்ட அப்பருக்குத் திருவதிகையில் ஐந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்தவர் அவருடைய தமக்கையார் திலகவதியார்தான் என்று பெரிய புராணம் சொல்கிறது. நல்லூரில் இறைவன் அவர் தலைமேல் திருவடி சூட்டியது அதற்கு வெகுநாள் கழித்துத்தான்.

முன்னுரையாடலுக்கு ஒவ்வொருவராக அழைத்தபோது இதைக் கேட்டேன். ஆசாரியர் சினக்கவில்லை. காலையும் மாலையும் எத்தனை மணிக்கு எழுந்து, எங்கே அமர்ந்து, எவ்வளவு நேரம் செய்வீர்கள் என்று விவரமாகக் கேட்டார். பள்ளிக்குப் புறப்படும் முன் எனக்குக் கிடைக்கும் நேரத்தைச் சொன்னேன். நண்பகல் அனுட்டானத்தைப் பணி நாளில் செய்ய முடியாதென்றும் சொன்னேன். காலை மாலை இரண்டையும் தவறவிடாமல் செய்வதென்றும், மாதவிலக்கு நாள்களில் கிரியைகளை நிறுத்தி மனத்தால் மட்டும் ஐந்தெழுத்தை எண்ணுவதென்றும் வரையறுத்துக் கொடுத்தார். என்னுடன் வந்திருந்த, எழுபது வயதைக் கடந்த என் தாயார், தமக்கு அனுட்டானக் கட்டாயம் இல்லாத நிர்பீசமே போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரே மேடையில், ஒரே நாளில், இருவருக்கும் இருவகை.

தீட்சை நாளன்று விடியுமுன் நீராடி, துவைத்த பருத்திச் சேலையுடன், ஒன்றும் உண்ணாமல் மண்டபத்திற்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், திருநீறு, உருத்திராக்கம், பஞ்சபாத்திரமும் உத்தரணியும் கொண்டுபோனோம். கட்டணம் ஏதும் இல்லை. குரு காணிக்கை அவரவர் விருப்பம். கும்ப பூசையும் வேள்வியும் முடிய வெகுநேரம் ஆயிற்று. பிறகு பஞ்சகவ்வியம் (பசுவிலிருந்து கிடைக்கும் ஐந்து பொருள்களின் கலவை) கொடுத்து, வெள்ளைத் துணியால் கண்ணைக் கட்டி, கையில் மலரைக் கொடுத்து, பூசைக்காக வரைந்த கோலமாகிய மண்டலத்தின் முன் நிறுத்தித் தூவச் சொன்னார்கள். மலர் விழும் திசையைப் பார்த்துத் தீட்சா நாமம் சூட்டுவார்கள். கட்டை அவிழ்த்ததும் முதலில் தெரிவது சிவமண்டலமாக இருக்க வேண்டும் என்பதே கண்கட்டின் நோக்கம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எனக்கு முதலில் தெரிந்தது வேள்விப் புகைதான். ஆசாரியர் தம் வலக்கையைச் சிவனுடைய கையாகப் பாவித்துத் தலைமேல் வைத்தார். ஐந்தெழுத்தைச் செவியில் ஓதினார். ஒருவருக்கு ஆன நேரம் மிகக் குறைவு. கூட்டம் அதிகம் என்பதால் சற்று விரைவுபடுத்தினார்கள் என்பது என் எண்ணம்; ஒரு நாளைக்குப் பாதிப் பேரை மட்டும் அழைத்திருக்கலாம்.

என்னுடன் பணிபுரியும் வீரசைவத் தோழி, தங்கள் வீட்டில் பிள்ளைப் பருவத்திலேயே குரு இலிங்கம் கட்டிவிடுவார் என்றும், நீ இத்தனை வயதுக்குப் பிறகு படிவம் நிரப்பியா போனாய் என்றும் கேலி செய்தாள். தேன்கனிக்கோட்டையிலிருந்து மாற்றலாகி வந்த வைணவ ஆசிரியர் ஒருவர், வைணவ தீட்சையாகிய பஞ்ச சம்ஸ்காரத்தின்போது இரு தோள்களிலும் சங்கு சக்கரப் பொறி ஒற்றிய தழும்பைக் காட்டினார். எங்களுடைய தீட்சைக்கு உடலில் அடையாளம் ஏதும் இல்லை.

அனுட்டானத்தில் எனக்குப் பழக நாளானது திருநீறு அணியும் முறைதான். தலை, நெற்றி, மார்பு, கொப்பூழ், முழந்தாள்கள், புயங்கள், முழங்கைகள், மணிக்கட்டுகள், விலாப்புறங்கள், முதுகு, கழுத்து என்று பதினாறு இடங்களில் முக்குறியாக (மூன்று கோடுகளாக) அணிய வேண்டும். இரவிக்கை அணிந்த பெண்ணுக்கு இவற்றுள் சில கைக்கு எட்டாதவை. நெற்றியிலும் கழுத்திலும் கைகளிலும் அணிந்து, மற்ற இடங்களைப் பாவனையாகத் தொட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு நூற்றெட்டு உரு செபம். முதலில் நெடுநேரம் பிடித்தது; இப்போது தண்ணீர் பிடிக்கும் நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது.

தீட்சைக்கு விண்ணப்பிக்கும் பெண்கள், தமக்குத் தரப்படுவது எவ்வகை என்பதை முன்னுரையாடலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நாமாகக் கேட்காவிட்டால் நிர்பீசம் என்றே எழுதிக்கொள்வார்கள். விசேட தீட்சைக்கு நான் பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்குச் சிவபூசை செய்யும் கடமையும் சேர்ந்து வருகிறது. பூசைக்கு ஒதுக்க வேண்டிய இடத்தைப் பற்றித்தான் இப்போது வீட்டில் பேச்சு நடக்கிறது.