நான் பார்த்துக்கிறேன்

"நீங்க போங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று நம் வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம். அடுப்பில் இருக்கும் பாலுக்கும் அதே சொல், தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கும் அதே சொல், படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாருக்கும் அதே சொல்தான். பேணுதல், ஓம்புதல் என்றெல்லாம் எழுத்தில் அழகான சொற்கள் உண்டு, ஆனால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. "அம்மாவ இப்ப யாரு பாத்துக்கிறாங்க?" என்றுதான் கேட்கிறார்கள். "மருமகதான்" என்று பதில் வரும், அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

பக்கவாதம் வந்து படுத்த என் பெரியம்மாவை எங்கள் அண்ணிதான் பார்த்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும்தான். பழைய வேட்டி ஒன்றை மடித்து முதுகிலிருந்து தொடை வரைக்கும் அடியில் விரித்திருப்பார், அதைப் பிடித்துத்தான் திருப்புவார், ஏனென்றால் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்பட்டை மூட்டு இறங்கிவிடும் என்று பிசியோதெரபி செய்ய வந்தவர் சொல்லிக்கொடுத்திருந்தார். திருப்பியதும் முதுகின் அடிப்பகுதியையும் குதிகாலையும் பார்ப்பார். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுப்பார், அழுத்திய இடம் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று அர்த்தம். கஞ்சி கொடுப்பதென்றால் முதலில் தலையணைகளை அண்டக்கொடுத்து நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், உணர்ச்சி இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும், ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த ஸ்பூன், சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்க விடக்கூடாது, இல்லாவிட்டால் புரையேறி நுரையீரலுக்குப் போய் அதுவே நிமோனியாவாகிவிடலாம். இதற்கு நடுவில் மலம், மூத்திரம், துணி அலசுவது எல்லாம்.

பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு "நல்லா பாத்துக்கிறா" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். "நீ சாப்பிட்டியாம்மா?" என்று அண்ணியிடம் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

அண்ணி மாதிரி பார்த்துக்கொள்கிறவர்களை வள்ளுவர் விட்டுவிடவில்லை. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் இது, 950-வது:

"உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து."

நோயாளி, வைத்தியர், மருந்து, நாலாவதாக உழைச்செல்வான். உழை என்றால் பக்கம், அதாவது நோயாளி பக்கத்திலேயே இருந்து எல்லாம் செய்கிறவர். இந்த நாலும் சேர்ந்ததுதான் மருத்துவம் என்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்த குறள் இது. ஆஸ்பத்திரியில் "பேஷண்ட் கூட யாரு இருக்கா?" என்று கூப்பிட்டவுடன், வார்டுக்கு வெளியே பாயில் படுத்திருந்து அரைத் தூக்கத்தில் எழுந்து ஓடுகிறாரே, அவரும் சிகிச்சையில் ஒரு பாகம். ஆனால் அதே ஆளைப் பற்றி "வேலைக்குப் போகல, வீட்லதான் சும்மா இருக்கா, மாமியாரைப் பாத்துக்கிட்டு" என்று எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

பெரும்பாலும் பெண்கள்தான் இதைச் செய்கிறார்கள். மகன் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்வான், மருமகளோ மகளோ உடம்பைப் பார்த்துக்கொள்வாள், இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் இரண்டும் ஒரே அளவு என்று நினைத்துக்கொள்கிறோம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், "இன்னைக்கு ராத்திரி நான் இருக்கேன், நீங்க போய்த் தூங்குங்க" என்று சொல்லிப் பாருங்கள், எப்படிப் புரட்டுவது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைக்கான செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருவதற்கு வழி இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். வருகிறவர்களிடம் நோயாளியைக் காட்டுவதோடு நிறுத்தாமல், பார்த்துக்கொள்கிறவரின் இடுப்பு வலியையும் சொல்லுங்கள்.