ஊர்ப் பெயர் செல்லாது

வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் முகவரிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு, மற்றவர்களுக்கு ஆயுளில் ஒருமுறைகூட வராத ஒரு சந்தேகம் அடிக்கடி வரும்: இப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது வேலை வெட்டி இல்லாத எவரோ நம்மைச் சீண்டிப் பார்க்கிறாரா? எங்கள் மென்பொருளுக்கும் இதே சந்தேகம் உண்டு. ஆனால் அது, 'ஊர்ப் பெயர் செல்லாது' என்று சிவப்பு எழுத்தில் அறிவித்துவிட்டு, முடிவெடுக்கும் பொறுப்பை எங்கள் தலையில் கட்டிவிடும்.

அவ்வாறு ஒருநாள் வந்து நின்றது, கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள சேன்-லூயி-டு-ஹா! ஹா! என்னும் ஊர். எங்கள் குழுத்தலைவர் திரையைப் பார்த்தார், இரண்டு ஆச்சரியக்குறிகளையும் பார்த்தார், "சிரிப்பதற்கு இவர்களுக்கு வேறு இடம் கிடைக்கவில்லையா?" என்று கேட்டபடியே அந்தக் கொள்முதல் ஆணையை நிராகரிக்கப் போனார். சற்றுப் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வரைபடத்தில் தேடிக் காட்டினேன். ஊர் இருந்தது. பழைய பிரெஞ்சில் 'ஹாஹா' என்றால் வழியில் எதிர்பாராமல் குறுக்கிடும் தடை என்றும், படகில் வந்தவர்கள் மேற்கொண்டு போக முடியாமல் இறங்கி நடக்க வேண்டியிருந்த இடம் அது என்றும் பரவலாக விளக்கம் சொல்கிறார்கள். பெயரில் இரண்டு ஆச்சரியக்குறிகள் கொண்ட ஊர் என்று 2017இல் அது கின்னஸ் சாதனைப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

கின்னஸ் ஏற்றுக்கொண்டதை எங்கள் மென்பொருள் ஏற்கவில்லை. வேறு வழியின்றி, குறிகள் இரண்டையும் நீக்கிப் பதிவுசெய்யுமாறு குழுத்தலைவர் பணித்தார். சில நாட்களில் அந்த வாடிக்கையாளரிடமிருந்து மிகவும் மரியாதையான ஒரு கடிதம் வந்தது. பொருள் நல்லபடியாக வந்து சேர்ந்ததாம், நன்றியாம், எடுத்துக்கொண்ட ஆச்சரியக்குறிகளை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம்.

அதன் பிறகு, இத்தகைய பெயர்கள் எங்கிருந்துதான் முளைக்கின்றன என்று ஓய்வு நேரங்களில் துருவத் தொடங்கினேன். குடியேறியவர்களின் கற்பனை வளமே காரணமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், பெரும்பாலான கதைகளில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது எங்களைப் போன்ற ஓர் எழுத்தர்தான். அமெரிக்காவில் ஒரு குடியிருப்புக்கு அஞ்சலகம் வேண்டுமென்றால், அதே மாநிலத்தில் வேறெந்த அஞ்சலகத்துக்கும் இல்லாத பெயரை எழுதி அனுப்ப வேண்டும். நல்ல பெயர்களையெல்லாம் முந்திக்கொண்டவர்கள் எடுத்துவிட்டார்கள். மிசௌரி மாநிலத்தின் ஒரு சிற்றூரார் 1868 வாக்கில், பெயர்களைத் திரும்பத் திரும்ப எழுதி அனுப்பி, திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டு, கடைசியில் 'கொஞ்சம் விசித்திரமாக இருந்தாலும் பரவாயில்லை, நீங்களே ஒரு பெயர் கொடுங்கள்' என்று அலுத்துப்போய் எழுதினார்களாம். மேலிடம் அந்த வேண்டுகோளை அப்படியே நிறைவேற்றியது. ஊரின் பெயர் இன்றும் 'பெகூலியர்', அதாவது விசித்திரம் என்பதே. ஊரார் வழிவழியாகச் சொல்லும் கதை இது. எனினும் அலுவலக நடைமுறையை அறிந்தவன் என்ற முறையில் நான் இதை ஒரு சொல்லும் மாற்றாமல் நம்புகிறேன்.

இந்தியானாவிலும் இதே கதைதான். சான்டா ஃபே என்று பெயர் கேட்டார்கள். அந்தப் பெயரில் மாநிலத்தில் ஏற்கெனவே ஓர் ஊர் இருந்தது. 1856இல் சான்டா கிளாஸ் என்று மாற்றி வாங்கிக்கொண்டார்கள். அதன் பலனாக, ஒவ்வொரு டிசம்பரிலும் உலகத்துக் குழந்தைகள் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எழுதும் கடிதங்கள் அந்தச் சிற்றூரில் வந்து குவிகின்றன. தன்னார்வலர்கள் உட்கார்ந்து பதில் எழுதுகிறார்கள். அஞ்சல் துறை கொடுத்த பெயருக்கு ஊரார் இன்றுவரை அஞ்சல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்களைக் கூடுதலாகப் பாடுபடுத்தியது நியூ மெக்சிகோவின் 'ட்ரூத் ஆர் கான்சிகுவென்சஸ்'. ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் அழகான பெயருடன் இருந்த ஊர் அது. 'ட்ரூத் ஆர் கான்சிகுவென்சஸ்' என்ற பெயரில் ஓடிய வானொலி வினாடிவினா நிகழ்ச்சியின் நடத்துநர் ரால்ஃப் எட்வர்ட்ஸ், நிகழ்ச்சியின் பெயரை எந்த ஊர் சூட்டிக்கொள்கிறதோ அங்கிருந்து நேரடியாக ஒலிபரப்புவோம் என்று அறிவிக்க, 1950இல் இவ்வூரார் வாக்களித்து முந்திக்கொண்டார்கள். எட்வர்ட்ஸும் வாக்கு மாறாமல் ஏறத்தாழ 50 ஆண்டுகள் அவ்வூர்த் திருவிழாவுக்கு வந்து போனார். இந்த வரலாறு எதையும் அறியாத எங்கள் குழுத்தலைவர், பெயரின் நடுவே 'அல்லது' என்று பொருள்படும் சொல்லைக் கண்டதும், 'கொடுத்துள்ள இரண்டு ஊர்களில் எதற்கு அனுப்ப வேண்டும் எனத் தெளிவுபடுத்தவும்' என்று வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். அவர் அனுப்பிய பதிலை அச்சிட்டுச் சுவரில் ஒட்டலாம் என்று நாங்கள் சொன்னோம், அனுமதி கிடைக்கவில்லை.

டெக்சாஸின் கிளார்க் என்னும் சிற்றூர் இன்னும் விவரமானது. 2005இல், வீடுகளுக்கெல்லாம் பத்தாண்டுகள் இலவசச் செயற்கைக்கோள் தொலைக்காட்சி என்ற ஒப்பந்தத்தின் பேரில், நிறுவனத்தின் பெயரான 'டிஷ்' என்பதையே ஊருக்கு வைத்துக்கொண்டது. அதையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே எழுத வேண்டும்.

ஆரிகனின் போரிங் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அங்கே குடியேறிய வில்லியம் ஹாரிசன் போரிங் என்பவரின் பெயர்தான் அது. சலிப்புக்கும் ஊருக்கும் தொடர்பில்லை. ஆனாலும் அவ்வூரார் கோபித்துக்கொள்ளாமல், 2012இல் ஸ்காட்லாந்தின் 'டல்' என்னும் சிற்றூருடன் உறவு பூண்டார்கள். அடுத்து ஆஸ்திரேலியாவின் 'பிளாண்ட்' வட்டாரமும் வந்து சேர்ந்துகொண்டது. மந்தம், சலிப்பு, சப்பு என மூன்று கண்டங்களில் ஒரு குடும்பம்!

பிரான்சில் 'ஈ' என்று உச்சரிக்கப்படும் ஓரெழுத்து ஊர் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஒய் என்று நாம் படிக்கும் எழுத்து. பெயரில் குறைந்தது மூன்று எழுத்துகளாவது வேண்டும் என்று மென்பொருள் அடம்பிடித்ததால் அந்த முகவரி அன்று முழுவதும் நகரவில்லை. அரிசோனாவில் இதே சிக்கல் முன்பே வந்திருக்கிறது. இரண்டு நெடுஞ்சாலைகள் ஒய் வடிவில் பிரியும் இடத்தில் அமைந்த ஊருக்கு அந்த எழுத்தையே பெயராக வைக்கப் போனவர்களிடம், மூன்று எழுத்துகளுக்குக் குறையக்கூடாது என்று மாநிலச் சட்டம் சொன்னதாம். ஒலியை மாற்றாமல் எழுத்தைக் கூட்டி 'ஏன்' என்னும் ஆங்கிலச் சொல்லையே பெயராக்கிக்கொண்டார்கள். பின்னாளில் பாதுகாப்புக் கருதி அந்தச் சாலைச் சந்திப்பை டி வடிவத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெயர் அப்படியே நிற்கிறது.

இத்தனைக்கும் பிறகு எங்கள் குழுத்தலைவர் முற்றிலும் மாறிவிட்டார். பெயர் எவ்வளவுக்கு எவ்வளவு விபரீதமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு விரைவாக ஒப்புதல் அளிக்கிறார். அண்மையில் தொழில்நுட்பப் பிரிவினர் சோதனைக்காக உள்ளிட்ட ஒரு கொள்முதல் ஆணையில் ஊர்ப் பெயர் 'டெஸ்ட் டெஸ்ட்' என்றிருந்தது. மென்பொருள் வழக்கம்போல் சிவப்பில் அலறியது. அவரோ, "இதைவிட மோசமான ஊர்களையெல்லாம் பார்த்தாகிவிட்டது" என்று சொல்லி, அதைத் தம் கைப்படவே அனுப்பும் பிரிவுக்கு நகர்த்திவிட்டார்.