ஆப்ட் இன்ஸ்டால் ஒரு நிமிடம், மெயில் ப்ராக்ஸி ஓட இரண்டு இரவு

பழைய மெயில் சர்வரிலிருந்து புதியதற்குப் பயனர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டியிருந்தது. யார் போனிலும் செட்டிங்கைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. சரி, இரண்டுக்கும் முன்னால் ஒரு மெயில் ப்ராக்ஸியை நிறுத்தி, லாகின் பெயரைப் பார்த்து உரிய சர்வருக்குத் திருப்பிவிடலாம் என்று, வெப் சர்வராகவும் ப்ராக்ஸியாகவும் ஓடும் என்ஜின்எக்ஸை எடுத்தேன்.

டெபியன் 12 லினக்ஸ். கான்ஃபிக் ஃபைலில் மெயிலுக்கான பகுதியை (மெயில் பிளாக்) எழுதிச் சோதித்தால், 'மெயில்' என்ற டைரெக்டிவே, அதாவது அந்தக் கட்டளைச் சொல்லே, தெரியாது என்றது. அது லிப்என்ஜின்எக்ஸ்-மாட்-மெயில் என்ற தனிப் பேக்கேஜ். போட்டேன். அடுத்து, 'இங்கே அனுமதியில்லை' என்றது. வெப் சைட் பழக்கத்தில் சைட்ஸ்-எனேபிள்டு ஃபோல்டரில் வைத்திருந்தேன். அங்கிருப்பது வெப் சைட்டுகளுக்கான எச்டிடிபி பிளாக்குக்குள் போய்விடும். மெயில் பிளாக் வெளியே, அதற்குச் சமமாக நிற்க வேண்டும்.

யாரை எங்கே அனுப்புவது என்று என்ஜின்எக்ஸ் தானாக முடிவு செய்யாது. ஒவ்வொரு லாகினுக்கும் நாம் காட்டும் ஒரு எச்டிடிபி முகவரியைக் கேட்கும். அதற்காகச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன்: ஆத்-யூசர் ஹெடரில் வரும் லாகின் பெயரைப் பட்டியலில் தேடி, ஆத்-ஸ்டேட்டஸ், ஆத்-சர்வர், ஆத்-போர்ட் மூன்றையும் திருப்பித் தரும். பாஸ்வேர்டு அப்பட்டமாக வருகிறது என்பதால் 127.0.0.1-ஐத் தவிர வேறெங்கும் அது காது கொடுக்காது.

ஓபன்எஸ்எஸ்எல் கருவி மூலம் குறியாக்கமுள்ள மெயில் போர்ட்டான 993-இல் நுழைந்து லாகின் அடித்தேன். உள்ளே விடவில்லை. எரர் லாகில் 'இன்வேலிட் சர்வர் அட்ரஸ்'. பெயரை மூன்று முறை சரிபார்த்தேன், எழுத்துப்பிழை இல்லை. ஆத்-சர்வரில் ஹோஸ்ட்நேமே கூடாதாம், ஐபி எண்தான் வேண்டும். முதல் இரவு இதற்கே போனது.

மறுநாள், பின்னாலுள்ள மெயில் சர்வர் மென்பொருளான டவ்காட் முறைத்தது: டிஎல்எஸ் குறியாக்கம் இல்லாமல் பாஸ்வேர்டு வாங்க மாட்டேன் என்று. ப்ராக்ஸிக்கும் பின்னாலுள்ள சர்வருக்கும் நடுவே வயர்கார்டு என்ற குறியாக்கப்பட்ட டனல் இருந்ததால் அந்தத் தடையை நீக்கினேன். வெளியிலிருந்து குறியாக்கமில்லாத மெயில் போர்ட்டான 143-ஐ ஃபயர்வாலில் மூடிவிட்டேன்.

எல்லாம் ஓடியது. சாயங்காலம் திடீரென்று ஒருவருக்கும் மெயில் இல்லை. நான் தேட ஆரம்பிப்பதற்குள் தானே சரியாகிவிட்டது. அரை மணி நேரத்தில் மறுபடியும். டவ்காட் லாகைத் திறந்தால் எல்லா வரியிலும் ஒரே ஐபி: ப்ராக்ஸியுடையது. என் ஸ்கிரிப்ட் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பதில்லை, பாதை மட்டும்தான் காட்டுகிறது; தவறான பாஸ்வேர்டும் டவ்காட் வரை போய்விடும். யாரோ ஒருவரின் போன் பழைய பாஸ்வேர்டை விடாமல் அடிக்க, 10 நிமிடத்தில் 5 தோல்வியானதும், லாகைப் பார்த்து ஐபியைத் தடுக்கும் ஃபெயில்டூபேன் ப்ராக்ஸியையே 10 நிமிடம் பூட்டியிருக்கிறது!

உண்மையான பயனரின் ஐபியைப் பின்னாலுள்ள சர்வருக்குச் சொல்லும் ப்ராக்ஸி ப்ரோட்டோகாலை என்ஜின்எக்ஸில் ஆன் செய்து, டவ்காட்டில் அதற்கென்று 10143 போர்ட்டைத் திறந்தேன். லாகில் உண்மையான ஐபிகள் வந்தன. ஆனால் அந்த ஐபியைப் பின்னாலுள்ள சர்வரில் தடுத்து என்ன பயன்? பாக்கெட் வருவது ப்ராக்ஸியிலிருந்துதானே. ஃபெயில்டூபேன் இப்போது எஸ்எஸ்எச் (பாதுகாப்பான ரிமோட் லாகின்) வழியாக ப்ராக்ஸியின் ஃபயர்வாலில் போய்த் தடையைப் போடுகிறது. அந்தப் போன் இன்னமும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.