சித்தப்பாவுக்கு எந்த நாஸ்?

அட்டனில் சித்தப்பா எடுத்த கல்யாணப் படங்கள் எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் ஹார்ட் டிஸ்க்குகளாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி, பேனையால் மணமக்கள் பெயர். நாஸ் என்றால் வீட்டு நெட்வொர்க்கில் இணைத்துக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டி. அவருக்கு சினாலஜி கம்பனியின் இரண்டு டிஸ்க் போடும் நாஸ் போதும். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே படங்களை எழுதும் ரெய்ட் 1 முறையைப் போட்டால் ஒன்று செத்தாலும் படம் தப்பும். ஆனால் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் போய்விடும், அதனால் தனியாக ஒரு பிரதி பண்டாரவளையில் அத்தை வீட்டில் இருக்கட்டும். டிஸ்க் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எழுதும்) வகையாகவே பார்த்து வாங்குங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் எஸ்எம்ஆர் என்றால் பழுதான டிஸ்க்கை மாற்றும்போது இழுத்தடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கரண்ட் போனாலும் பாட்டரியில் கொஞ்ச நேரம் ஓடவைக்கும் யூபிஎஸ். சித்திரை இடிமழையில் கரண்ட் பட்டென்று போய் வருகிற ஊர் இது. யூபிஎஸ்ஸை யூஎஸ்பி வயரால் இணைத்துவிட்டால், பாட்டரி இறங்குமுன் நாஸ் தானாகவே ஒழுங்காக அணையும். வேறு எதிலாவது காசை மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம் என்று சித்தப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.