செயின்ட் லூயிஸ் வந்து 1968-ல குடியேறின கதை

2014 ஜனவரில செயின்ட் லூயிஸ்ல வந்து இறங்கினேன். இந்த ஊர்ல புதுசா யார பாத்தாலும் கேக்குற மொத கேள்வி, நீ எந்த ஹைஸ்கூல்? சும்மா சொல்லல, நெசமாவே அதான் கேப்பாங்க, அத வச்சே ஏரியா, வசதி எல்லாம் கணக்கு போட்டுருவாங்க. நான் திருச்சின்னு சொன்னதும் பேச்சு அங்கயே படுத்துரும். ரெண்டாவது டாபிக் கார்டினல்ஸ், இந்த ஊர் பேஸ்பால் டீம். அதுவும் எனக்கு தெரியாது, லஞ்ச் டேபிள்ல டிபன் பாக்ஸயே பாத்துட்டு தயிர்சாதம் சாப்ட்டுட்டு இருப்பேன். டிவில பாத்தும் ஒண்ணும் புரியல, பாதி நேரம் எல்லாரும் எதையாவது மென்னு துப்பிட்டு நிக்கற மாதிரிதான் இருந்துச்சு.

எங்க டீம்ல ரிட்டயர் ஆகப்போற பெருசு ஒருத்தர் இருந்தார். ஒருநாள் "உனக்குதான் நம்பர்னா புடிக்குமே, வியாழக்கிழமை ராத்திரி எங்க பேஸ்மென்ட்டுக்கு வா, கார்டு, டைஸ் எல்லாம் இருக்கு"ன்னார். நான் சீட்டாட்டம்னு நெனச்சு இருபது டாலருக்கு சில்லறை மாத்திட்டு போனேன்.

அங்க பாத்தா ஏழு பேரு உக்காந்து 1968 பேஸ்பால் சீசன மொதல்லேருந்து திரும்ப ஆடிட்டு இருக்காங்க! ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்னு ஒரு கேம், ஹால் ரிச்மன்ங்கறவர் 1961-லயே கொண்டு வந்தது. ஒவ்வொரு பிளேயருக்கும் ஒரு கார்டு, அந்த வருஷம் அவர் நெசமா ஆடின ஆட்டத்த கணக்கு போட்டு அதுல பிரிச்சு வச்சிருக்கும். மூணு டைஸ். வெள்ளைல 1, 2, 3 விழுந்தா பேட்ஸ்மேன் கார்டு, 4, 5, 6 விழுந்தா பிட்சர், அதாவது பந்து போடறவர் கார்டு, மத்த ரெண்டையும் கூட்டினா எந்த வரின்னு தெரியும். பாத்த அஞ்சாவது நிமிஷம் எனக்கு சிரிப்பு வந்துருச்சு, அட இது நம்ம புக் கிரிக்கெட்டுடா! சோசியல் சயின்ஸ் புக்க தொறந்து கடைசி நம்பர்ல ரன் எண்ணினவன்தானே நான். என்ன, இங்க நம்பருக்கு பின்னாடி நெஜ மனுசன் இருக்கான், அவ்ளோதான்.

புதுசா வந்தவன்னு எனக்கு ஹூஸ்டன தள்ளிவிட்டாங்க, பேஸ்பால்ல இருக்கற ரெண்டு பெரிய லீக்ல ஒண்ணான நேஷனல் லீக்ல அந்த வருஷம் கடைசி டீம். அதுல ஜிம் வின்னு ஒரு குள்ள மனுசன், பட்டப்பேரு பொம்மை பீரங்கி, நெஜத்துல அந்த வருஷம் 26 ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி, அடிச்சவர். எங்க பேஸ்மென்ட்ல ஜூன் முடியறதுக்குள்ள 17 அடிச்சுட்டார். ராத்திரி வீட்டுக்கு வந்து எக்செல்ல ஏத்திட்டுதான் தூங்குவேன். என் வைஃப் "ட்ராஷ் வெளிய வைக்க மறந்துருவீங்க, அம்பது வருஷத்துக்கு முன்னாடி எவன் அடிச்சான்னு மட்டும் கரெக்டா எழுதுவீங்க"ம்பா. அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு "அங்க போயும் தாயம் உருட்டுறியாடா"ன்னாங்க.

1968 பௌலர் வருஷம், அதாவது பிட்சர் வருஷம். இன்னொரு லீக்கான அமெரிக்கன் லீக்லயே பேட்டிங் சராசரி .300, அதாவது பத்துக்கு மூணு ஹிட், தாண்டினது யாஸ்ட்ரெம்ஸ்கி ஒருத்தர்தான், அதுவும் .301. கார்டினல்ஸ்ல பாப் கிப்சன், ஒம்போது இன்னிங்ஸுக்கு சராசரி 1.12 ரன்தான் குடுத்தார். அப்பவும் ஒம்போது மேட்ச் தோத்தார், இவர் பக்கம் யாரும் ரன் அடிக்கலன்னா பாவம் அவர் என்ன பண்ணுவார். அடுத்த வருஷமே பிட்சர் நிக்கற மேட்ட 15 இன்ச்லேருந்து 10 இன்ச்சா கொறைச்சுட்டாங்க. எங்க லீக்ல கிப்சன் 1.40 பக்கத்துல இருந்தார், பெருசுக்கு அது ஆறவே இல்ல, என்னமோ நான்தான் டைஸ்ல கைய வச்ச மாதிரி பாப்பார்.

இப்ப முடி வெட்ற கடைல யாராச்சும் ஹைஸ்கூல் கேட்டா திருச்சின்னு சொல்லிட்டு, அப்புறம் பழைய கார்டினல்ஸ் பிளேயர் கர்ட் ஃப்ளட் பத்தி ஒரு வார்த்த போடுவேன். பேச்சு அரை மணி நேரத்துக்கு ஓயாது.

ஃப்ளட் சென்டர் ஃபீல்டுல ஏழு வருஷம் தொடர்ந்து கோல்ட் கிளவ்ங்கற ஃபீல்டிங் விருது வாங்கினவர். ஆனா ஊரு மறக்காம வச்சிருக்கறது 1968 வேர்ல்ட் சீரிஸ், அதாவது ரெண்டு லீக் சாம்பியனும் மோதற ஃபைனல், அதோட ஏழாவது மேட்ச்ச. ஸ்கோர் சைபர்-சைபர், ஏழாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட், எதிர் டீம் டெட்ராய்ட்டோட நார்த்ரப் தூக்கி அடிச்சார், ஃப்ளட் மொதல்ல முன்னாடி ஓடி வந்துட்டார், பந்து தலைக்கு மேல போயிருச்சு. ரெண்டு ரன். சீரிஸே போச்சு. பெருசுக்கு அப்ப பத்து வயசாம், ரேடியோல கேட்டுட்டு இருந்தாராம்.

அக்டோபர்ல ஒருநாள் நாங்க ரெண்டு பேர் மட்டும். அவரே அந்த இடத்துலேருந்து செட் பண்ணார், டெட்ராய்ட்டோட கேஷ் செகண்ட் பேஸ்ல, ஹார்ட்டன் ஃபர்ஸ்ட் பேஸ்ல, கிப்சன் கைல பந்து. நான் டெட்ராய்ட். நார்த்ரப் கார்ட எடுத்து வச்சதும் "காபி போட்டுட்டு வரேன், நீ உருட்டு"ன்னு மாடிப்படி ஏறிட்டார். உருட்டினேன். வெள்ளைல 5, கிப்சன் கார்டு, சென்டர் ஃபீல்டுக்கு சாதா கேட்ச். மேலேருந்து சத்தமே இல்ல, காபி மெஷின் ஓடுற சத்தம்கூட கேக்கல. "புடிச்சுட்டார்"னு கத்தினேன். கொஞ்ச நேரம் கழிச்சு கைல காபி இல்லாமயே இறங்கி வந்தார், என் பேனாவ வாங்கி ஸ்கோர் ஷீட்ல சென்டர் ஃபீல்டர் கேட்ச் புடிச்சா போடற குறிய அவரே எழுதினார், எஃப் 8.