சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீங்க

தொழுநோய்ப் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மனப்பாடமான வாக்கியம் இது. கூட்டு மருந்து அட்டையைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவோம். அதிலுள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தால் வரும் நிறம் அது. சொல்லாமல் விட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மருந்தையே நிறுத்திவிடுவார்கள். இந்த வாக்கியத்தில் பாதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அவர் கொத்தனார். வயது நாற்பதுக்கு மேல். உடம்பெங்கும் உணர்ச்சியில்லாத தேமல், பன்னிரண்டு மாத மருந்து. நான்காவது மாதம் முழங்கை நரம்பு வீங்கி, சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் இதை நாங்கள் ரியாக்‌ஷன் என்போம். தாமதித்தால் கை போய்விடும். ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைத்து வர வேண்டும். கரணை பிடிக்கிற கை என்பதால் நாங்கள் எல்லோரும் அந்த நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏழாவது மாதம் வந்தபோது சோறு பிடிக்கவில்லை, அசதியாக இருக்கிறது என்றார்.

"சிறுநீர் எப்படிப் போகுதுண்ணே?"

"அதான் நீங்க சொன்னீங்களே சிஸ்டர், சிவப்பாத்தான் போகும்னு. பத்து நாளா அப்படித்தான் போகுது."

எனக்குக் கை சில்லிட்டுப் போனது. ரிஃபாம்பிசின் மாதத்துக்கு ஒரே ஒரு நாள், எங்கள் கண் முன்னால் விழுங்கும் மருந்து. அதன் நிறம் ஒரு நாள் இருக்கும், மிஞ்சினால் இரண்டு நாள். பத்து நாள் போனால் அது வேறு, காமாலையாக இருக்கலாம். அவருடைய மனைவிக்கும் எதுவும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. கூட்டு மருந்தில் உள்ள குளோஃபாசிமின் தோலைக் கறுப்பேற்றிச் செம்பு நிறமாக்கிவிடும்; சிலருக்குக் கண்ணின் வெள்ளையிலும் நிறமேறும். அந்தத் தோலில் காமாலையை யார் கண்டுபிடிப்பது? ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தபோதுதான் அடியில் மஞ்சள் தெரிந்தது.

முதல் சந்தேகம் மருந்துகள் மேல்தான். ரிஃபாம்பிசினும் கல்லீரலைத் தாக்கும், அதே அட்டையில் உள்ள டாப்சோனும் தாக்கும். ஆனால் டாப்சோன் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள், காய்ச்சலும் தடிப்புமாக வரும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. ரத்தம் அனுப்பினோம். ஹெபடைடிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் தொற்று. எப்போதோ உள்ளே வந்து சத்தமில்லாமல் கிடந்த வைரஸ், ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைத் தணித்ததும் பெருகியிருக்கிறது. ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே அந்த ஒரு பரிசோதனையைச் செய்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அதைத் தினமும் செய்கிற ஆய்வகம் எங்கள் பிரிவிலிருந்து நான்கு அறை தள்ளித்தான் இருந்தது. இன்றைக்கும் அந்த வராந்தாவில் நடக்கும்போது அது உறுத்தும்.

இந்த இரண்டு நோய்களின் உறவு பழையது. 1967-ல் பிலிப்பைன்ஸின் செபுவில் தொழுநோய் உள்ளவர்களின் ரத்தத்தைச் சோதித்த அமெரிக்க விஞ்ஞானி பாரூக் ப்ளம்பெர்க் குழுவினர், கடும் வகைத் தொழுநோய் உள்ளவர்களிடம் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்ற புரதம் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்பது பிறகு தெளிவானது. ப்ளம்பெர்குக்கு 1976-ல் நோபல் பரிசும் கிடைத்தது. எந்த மக்களின் ரத்தம் அந்த அறிவுக்கு உதவியதோ, அவர்களுக்கே அந்தப் பரிசோதனையை நாம் மறந்துவிடுகிறோம் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

எப்படித் தொற்றியது என்று அவரிடம் துருவவில்லை. ஆனால் தொழுநோய் உள்ளவர்களின் குடியிருப்புகளுக்குக் கட்டுப் போடப் போகும்போது கவனித்திருக்கிறேன்: காலில் காய்ப்புச் சீவ ஒரே பிளேடு நாலு பேர் கை மாறும். மரத்துப்போன காலில் வெட்டுப்பட்டாலும் தெரியாது. வயதானவர்கள், ஒரே கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து வரிசையாக எல்லோருக்கும் போட்ட காலத்தைச் சொல்வார்கள்.

மருத்துவர் கூட்டு மருந்தை நிறுத்தினார். ப்ரெட்னிசோலோனை அப்படித் திடீரென நிறுத்த முடியாது. நரம்பும் போகும், உடம்பும் தாங்காது. தேசிய கல்லீரல் அழற்சித் திட்டம் 2018-லேயே தொடங்கிவிட்டதால் இந்த வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை இலவசமாகக் கிடைத்தது. முடிவைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "ஏற்கெனவே ஒரு பேரோட இருக்கேன். இதையும் வெளியில சொல்லணுமா சிஸ்டர்?" மனைவியிடம் மட்டும் சொன்னால் போதும், அவருக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். மூன்று நாள் கழித்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார். யாருக்கும் தொற்று இல்லை. மனைவிக்கு அன்றே முதல் தடுப்பூசி.

அப்புறம் என் வாக்கியம் மாறியது. "மாத்திரை போட்ட அன்னைக்கும் மறுநாளும் சிவப்பாப் போகும். மூணாவது நாளும் போச்சுன்னா உடனே வாங்க." ஸ்டீராய்டு எழுதப்படும் சீட்டு என் மேசைக்கு வந்தால், ரத்த முடிவு இருக்கிறதா என்று கேட்காமல் மாத்திரையை எடுப்பதில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கல்லீரல் தேறியதும் கூட்டு மருந்தை மீண்டும் தொடங்கினோம். சுண்டுவிரல் முழுதாக நிமிரவில்லை, ஆனால் கரணை பிடிக்கிறார். போன முறை வந்தபோது அட்டையின் பின்புறத்தைக் காட்டினார். மனைவியின் மூன்றாவது ஊசிக்கான தேதியை அங்கே பேனாவால் எழுதி வைத்திருந்தார்.